ஓதம் ஏறிய பழைய வீட்டுக்குச் சுண்ணாம்புப் பூச்சு சரிவருமா?

பழைய வண்ணாரப்பேட்டையில் தாத்தா கட்டிய வீடு, சுமார் 80 வருடப் பழசு. கீழ்த்தளத்தில் இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து உதிர்கிறது. ஆறு வயதுப் பையனுக்கு மழைக்காலம் வந்தால் வீசிங். காண்ட்ராக்டர் எல்லாவற்றையும் கொத்திவிட்டு, வாட்டர்ப்ரூஃப் கலந்து சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்துத் தருகிறேன் என்கிறார். நீங்களோ சுண்ணாம்புப் பூச்சு இயற்கையானது, உடம்புக்கு நல்லது, சுற்றுச்சூழலைக் கெடுக்காது, வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். இரண்டில் எதைச் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்டவரை, அந்த அறையில் பிள்ளை மூச்சுத் திணறாமல் தூங்குவானா, போடுகிற பணம் இரண்டு மழைக்குள் சுவரோடு உதிர்ந்து போகாமல் இருக்குமா, இந்த இரண்டும்தான் உங்கள் கவலை. அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் சிவில் படித்தவன். 20 வருடத்துக்கும் மேலாக மண்ணடி, ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் பழைய கட்டடங்களைப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. கல்லூரியில் சுண்ணாம்புக்கு ஒரு வகுப்பு ஒதுக்கினார்கள், அவ்வளவுதான். மற்றதெல்லாம் ஒரு வயதான கொத்தனாரிடம் வேலை நடக்கும் இடத்தில் நின்று கற்றுக்கொண்டது. உங்கள் சுவரை நான் பார்க்கவில்லை. அதனால் கீழே சொல்வதை நேரில் வந்து பார்த்த ஒருவர் சொல்வதோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வீடு எதனால் கட்டியது என்று தெரிந்துகொள்ளுங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகவோ லேசான இளஞ்சிவப்பாகவோ பொடிப்பொடியாக வந்தால் சுண்ணாம்புச் சாந்து. இளஞ்சிவப்பு என்றால் செங்கல் தூள், அதாவது சுர்க்கி சேர்த்திருக்கிறார்கள். சாம்பல் நிறமாக, சுரண்டச் சுரண்ட வராமல் கெட்டியாக இருந்தால் சிமெண்ட். அப்புறம் மேலே அண்ணாந்து பாருங்கள். தேக்கு உத்திரம் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாகக் கோணலாக அடுக்கியிருந்தால் அது மெட்ராஸ் டெரஸ். அந்தக் கூரை உள்ள வீட்டில் சுவரும் பெரும்பாலும் சுண்ணாம்புதான். அப்படியென்றால் உங்கள் வீட்டுக்குச் சுண்ணாம்பு புதிதாக வருகிற பொருள் இல்லை, ஏற்கெனவே உள்ளே இருப்பது. பிற்பாடு யாரோ கீழே மட்டும் சிமெண்ட் பூசியிருப்பார்கள். வடசென்னையில் நான் பார்த்த பழைய வீடுகளில் முக்கால்வாசியில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

நம் பக்கத்துக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள உறவு நெடுநாளையது. பழவேற்காடு ஏரியிலும் கடற்கரையிலும் அள்ளிய கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு எடுத்த சுண்ணாம்பில்தான் இந்த ஊரின் வெள்ளைக் கட்டடங்கள் எழுந்தன. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பல தடவை அரைத்து, மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, கடைசியில் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பளிங்கா பூச்சா என்று தடவிப் பார்த்தால்தான் தெரியும். மெட்ராஸ் சுண்ணம் என்று வெள்ளைக்காரர்கள் வியந்து எழுதியது இதைத்தான். 1856-இல் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷன், 1879-இல் முடிந்த சென்னைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸ் எல்லாமே சிமெண்ட் நம் ஊரில் புழக்கத்துக்கு வருமுன் கட்டியவை. இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. 1904-இல் சென்னையில் சிமெண்ட் தயாரித்துப் பார்த்தபோதுகூட மூலப்பொருளாக எடுத்தது கடல் கிளிஞ்சலைத்தான். அந்த முயற்சி நிலைக்கவில்லை. பத்து வருடம் கழித்து போர்பந்தரில்தான் அந்தத் தொழில் வேர் பிடித்தது.

சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல்லும் வேதியியலில் ஒன்றுதான், கால்சியம் கார்பனேட். அதைச் சுமார் 900 டிகிரியில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாக மிஞ்சும். அதில் தண்ணீர் சேர்த்துத் தாளித்தால் கொதித்து நீறும். அந்த நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து மறுபடி கல்லாகிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும், சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகும். காற்று உள்ளே போய்வரும் அளவுக்கு நுண்ணிய துளைகள் அதில் இருப்பதால்தான் சுவருக்குள் இருக்கும் ஈரமும் ஆவியாக வெளியே வர முடிகிறது. சுவர் மூச்சு விடும் என்கிறார்களே, அதன் பொருள் இதுதான்.

இப்போது உங்கள் ஓதத்துக்கு வருவோம். பழைய வீடுகளில் ஈரம் ஏறாமல் தடுக்கும் அடுக்கு அஸ்திவாரத்தின் மேல் பெரும்பாலும் கிடையாது. மண்ணில் இருக்கும் தண்ணீர் செங்கல் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு இருந்தவரை ஏறிய ஈரம் தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடியில் ஆவியாகிப் போய்விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் வெளியே வர வழியில்லாமல், எங்கே பூச்சு முடிகிறதோ அங்கே வரை ஏறும். மண்ணடியில் ஒரு வீட்டில் இதை அப்படியே படிக்கட்டு மாதிரி பார்த்தேன். முதல் தடவை இரண்டடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓதம் அதற்கு மேலே ஏறியது. அடுத்த தடவை நான்கு அடி பூசினார்கள். நாங்கள் போனபோது என் நெஞ்சு உயரத்தில் சுவர் நனைந்து, ஸ்விட்ச் போர்டு பெட்டி துருப்பிடித்திருந்தது. உளியால் சிமெண்டைப் பெயர்த்தால் தகடு தகடாக முழுசாக வந்தது. பின்பக்கம் செங்கல்லின் முகமும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உள்ளே செங்கல் ஈர பிஸ்கட் போல விரலால் நசுங்கியது. கெட்டியான பூச்சு இளகிய சுவரை எப்படி அழிக்கும் என்பதை அதற்குப் பிறகு நான் யாருக்கும் புத்தகத்தைக் காட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தச் செங்கல் துண்டு ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது.

அதனால் உங்கள் காண்ட்ராக்டர் சொல்வது இந்தச் சுவருக்கு ஆகாது என்பதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் இன்னொன்றையும் அதே உறுதியோடு சொல்ல வேண்டும். சுண்ணாம்புப் பூச்சு ஓதத்தை நிறுத்தாது. ஏறுகிற தண்ணீரைத் தாராளமாக வெளியே விடும், அவ்வளவுதான். தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் சுண்ணாம்பும் சில வருடத்தில் உதிரும். ஆகவே பூச்சு எதுவென்று முடிவெடுக்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். வடசென்னையில் முதலில் பார்க்க வேண்டியது தெரு. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, படி ஏறிப் போக வேண்டிய வீடுகள் இன்று படி இறங்கிப் போகிற வீடுகளாகிவிட்டன. உங்கள் வீட்டுத் தரை தெருவைவிடத் தாழ்ந்திருந்தால் மழைத் தண்ணீர் முழுக்கச் சுவரில்தான் சாய்ந்து நிற்கும். சுவரை ஒட்டி வெளிப்பக்கம் சிமெண்டோ டைல்ஸோ போட்டிருந்தால் அதைச் சுவரிலிருந்து ஓர் அடி அகலத்துக்கு எடுத்துவிட்டு ஜல்லி கொட்டுங்கள். அடுத்தது குழாய். பாத்ரூம் கழிவுக் குழாய், மெட்ரோ வாட்டர் இணைப்பு, சம்ப்பு, பக்கத்து வீட்டுக்காரர் நம் சுவரை ஒட்டி வைத்திருக்கும் துணி துவைக்கும் கல், எல்லாவற்றையும் பாருங்கள். வெயில் காலத்திலும் ஈரம் ஒரே உயரத்தில் நின்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு குழாய் கசிகிறது. கூரையின் மழைநீர்க் குழாய் சுவர் அடியிலேயே கொட்டுகிறதா என்றும் பாருங்கள். இந்த ஒன்றைச் சரிசெய்தே பாதி ஓதம் அடங்கிய வீடுகள் உண்டு.

உப்பு தனிப் பிரச்சினை. கடல் பக்கம், உப்புத் தண்ணீர் போர், அந்தக் காலத்தில் வேறு வழியில்லாமல் கலந்த கடல் மணல் என்று நம் சுவர்களில் உப்பு நிறையவே ஊறியிருக்கிறது. ஈரம் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும். படிகம் பெருகும்போது பூச்சைத் தள்ளி உதிர்க்கும். போதாததற்கு இந்த உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். அதனால்தான் குழாயெல்லாம் சரிசெய்த பிறகும் ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வேர்க்கிறது. அப்படிப்பட்ட சுவரில் நாங்கள் முதலில் பூசுகிற சுண்ணாம்பை உப்பு உறிஞ்சுவதற்கென்றே பூசுகிறோம். அது ஒன்றிரண்டு வருடத்தில் உப்பை இழுத்துக்கொண்டு உதிரும், உதிரட்டும் என்று விட்டு, பெயர்த்தெடுத்து மறுபடி பூசுவோம். பூச்சு போகும், செங்கல் பிழைக்கும். இதை முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் சொல்லாத காண்ட்ராக்டர் பிறகு ஏச்சு வாங்குவார். உதிரும் உப்பை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், கரைந்து மறுபடி உள்ளேயே போகும். உலர்ந்த தூரிகையால் பெருக்கி வெளியே கொட்டுங்கள்.

ஆரோக்கியம் பற்றி நீங்கள் படித்ததில் நிஜமும் உண்டு, மிகையும் உண்டு. ஈரமும் பூஞ்சையும் உள்ள அறைக்கும் ஆஸ்துமா, இழுப்புத் தொல்லைக்கும் தொடர்பு இருக்கிறது என்பது உறுதியான செய்தி. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதற்கென்றே வழிகாட்டி நெறிகள் வெளியிட்டிருக்கிறது. எனவே சுவர் காய்ந்தால் உங்கள் பையனுக்கு நல்லதுதான். சுண்ணாம்பில் பெயிண்ட் வாடையாக வரும் ஆவிப் பொருட்கள் இல்லை என்பதும் சரி. புதிதாக அடித்த சுண்ணாம்பு கடுமையான காரம், பி.எச் 12-க்கும் மேல். அதில் பூஞ்சை முளைக்காது. ஆனால் அது காற்றை இழுத்துக் கல்லாக மாற மாறக் காரம் இறங்கிவிடும். ஐந்து வருடப் பழைய சுண்ணாம்புப் பூச்சு பூஞ்சையைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்த பழக்கம் இந்தக் காரத்தை வருடா வருடம் புதுப்பித்தது. பயன் அந்தப் பழக்கத்தில் இருந்தது. சுண்ணாம்புச் சுவர் அறைக் காற்றைச் சுத்தப்படுத்தும் என்பதை நான் ஏற்கமாட்டேன். இறுகும்போது ஒருமுறை இழுக்கும் கரியமில வாயு மூச்சுக் காற்றில் எந்த வித்தியாசமும் காட்டாது. இழுப்புக்கு வேறு காரணங்களும் இருக்கலாம், அது டாக்டர் பார்க்க வேண்டியது. ஒன்று மட்டும் என் துறையிலிருந்து கண்டிப்பாகச் சொல்கிறேன். கொத்தும் வேலையும் பூச்சும் நடக்கும் நாட்களில் பையனை அந்த வீட்டில் வைக்காதீர்கள். தூசிதான் அவனுக்கு முதல் எதிரி.

சுற்றுச்சூழல் கணக்கிலும் அப்படித்தான். வெளியேறிய கரியமில வாயுவைச் சுண்ணாம்பு முழுக்கத் திரும்ப இழுத்துக்கொள்ளும் என்று எழுதுகிறார்கள். சுடும்போது கல்லிலிருந்து போன அந்த 44 கிலோவில் பெரும்பகுதியைக் காலப்போக்கில் இழுக்கும், உண்மை. ஆனால் சுடுவதற்கு எரித்த விறகு, நிலக்கரியின் புகை திரும்பி வராது. சிமெண்டுக்கு 1450 டிகிரி வேண்டும், சுண்ணாம்புக்கு 900 போதும் என்பதால் எரிபொருள் குறைவு என்பார்கள். நன்றாகக் கட்டிய சூளைக்கு அது சரி, வெப்பத்தை வீணாக்கும் பழைய காளவாய்க்கு அந்த லாபம் கரைந்துவிடும். கிளிஞ்சலையும் கணக்கில் வைக்க வேண்டும். ஏரியிலிருந்து அள்ளுகிற கிளிஞ்சல் அங்குள்ள உயிர்களுக்கும் மீனவர்களுக்கும் வேண்டியது, அதனால் இயற்கையானது என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அள்ளிக்கொண்டே இருக்க முடியாது. நான் அடிப்பூச்சுக்குச் சுண்ணாம்புக்கல்லில் சுட்டதையும், கடைசி மெல்லிய பூச்சுக்கு மட்டும் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் வாங்குகிறேன். என்னைக் கேட்டால், பழைய வீட்டை இடிக்காமல் இன்னும் 50 வருடம் நிற்க வைப்பதுதான் இதில் பெரிய சேமிப்பு. பூச்சில் மிச்சம் பிடிப்பது அதற்குப் பக்கத்தில் சிறு தொகை.

வீடு குளிர்ச்சியாக இருப்பதற்குச் சுவரின் கனமும் கூரையின் உயரமும்தான் முதல் காரணம். 18 அங்குலச் சுவர், 12 அடி உயரம் இருந்த வீட்டில் அரை அங்குலப் பூச்சு பெரிதாக எதுவும் செய்துவிடாது. ஆனால் வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மொட்டை மாடியில் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள், மேல் அறையில் வித்தியாசம் அன்றைக்கே தெரியும். செலவும் மிகக் குறைவு.

வெளிச்சுவருக்கு வடசென்னையில் ஒரு சங்கடம் உண்டு. மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் அனல் மின் நிலையங்களிலிருந்தும் வரும் கந்தக வாயு சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிவிடும். மழை படுகிற இடத்தில் கரைந்து போகும், மழை படாத சன்ஷேடு அடியில் கறுத்துப் பொருக்குத் தட்டும். அதனால் வெளியே சுர்க்கி கலந்த அடிப்பூச்சு போட்டு, மேலே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கத் தயாராக இருங்கள். சுர்க்கி, அதாவது நன்றாக வெந்த செங்கல்லின் நைசான தூள், சுண்ணாம்போடு சேர்ந்து தண்ணீரிலேயே ஓரளவு இறுகும். மழை அடிக்கிற சுவருக்கு அந்தப் பலம் வேண்டும்.

இனி செய்முறை. இந்திய தர நிர்ணயத்தில் கட்டடச் சுண்ணாம்பை ஏ முதல் எஃப் வரை வகைப்படுத்தியிருக்கிறார்கள், ஐ.எஸ் 712. உள்பூச்சின் மேல்கோட்டுக்கு வேண்டியது கொழுத்த சுண்ணாம்பு என்கிற சி வகை. பூசும் முறைக்கு ஐ.எஸ் 2394 இருக்கிறது. உங்கள் காண்ட்ராக்டர் சுண்ணாம்பு வேலை தெரியும் என்று சொன்னால் இந்த இரண்டு எண்ணையும் சொல்லிப் பாருங்கள், முகத்தில் தெரிந்துவிடும். கடையில் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பு என்று மூட்டையில் விற்பதில் சில வெறும் சாக்கட்டித் தூள், அது எத்தனை வருடம் ஆனாலும் இறுகாது. சுட்ட சுண்ணாம்புக் கட்டியாக வாங்கினால் ஏமாற முடியாது. ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டவுடன் உஸ்ஸென்று சீறி, வெடித்து, ஆவி பறக்க உடைந்து மாவாக வேண்டும். சும்மா கிடந்தால் அது காற்றில் ஆறிப்போன பழைய சரக்கு.

தாளிப்பது ஆபத்தான வேலை. எங்கள் தளத்தில் இரும்பு டிரம்மில் பாதித் தண்ணீர் நிரப்பி, கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுவோம். கட்டியின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். இரண்டு நிமிடத்தில் தண்ணீர் பானைச் சோறு மாதிரி தளதளவென்று கொதிக்கும், டிரம்மைத் தொட முடியாது. கிளறுகிறவர் நீளக் கம்பும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணில் ஒரு சொட்டு பட்டாலும் உடனே சுத்தமான தண்ணீரை இருபது நிமிடமாவது விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தைகள் பிதுக்கி விளையாடிக் கண் போன சம்பவங்கள் நம் நாட்டில் எத்தனையோ. இது அதைவிடச் சூடானது. நீறிய பிறகு வடிகட்டி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் மூன்று நான்கு மாதம். ஊற ஊற வெண்ணெய் போலாகும், கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும். தாளிக்க இடமோ ஆளோ இல்லையென்றால் ஊறிய சுண்ணாம்பையே வாங்கிக்கொள்ளுங்கள்.

கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு பற்றியும் கேட்டிருந்தீர்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சாந்தில் சேர்த்தால் கரண்டிக்கு நன்றாக வழுக்கும், சீக்கிரம் காயாது, வெடிப்பு குறையும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைத் தண்ணீரில் கூடுதலாகக் கரைய வைக்கும் என்பதும் தெரிந்த விஷயம். ஆனால் பலத்தைப் பல மடங்காக்கும் என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். அளவு கூடினால் பூச்சு வாரக்கணக்கில் இறுகாமல் கிடந்து கடைசியில் பலவீனமாகவே நிற்கும். ஊறல் புளித்த வாடை சில நாள் வீட்டில் இருக்கும், பையனை நினைத்து அதையும் கணக்கில் வையுங்கள். முட்டைப் பூச்சு செட்டிநாட்டு வீடுகளில் பளபளப்புக்காகச் செய்தது. ஓதம் ஏறும் சுவரில் அந்தச் செலவு வீண்.

மணல் சலித்த ஆற்று மணலாகவோ நன்றாகக் கழுவிய எம்-சாண்டாகவோ இருக்கட்டும். கலவைக்குக் குடிக்கிற தண்ணீர்தான். போர் தண்ணீரில் கலந்தால் உப்பை நாமே சுவருக்குள் ஏற்றுகிறோம். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் கனம். அது இறுக ஒரு வாரம், பத்து நாள் விட்டு அடுத்தது. ஒரேயடியாக ஒரு அங்குலம் ஏற்றினால் உள்ளே பச்சையாகவே இருக்கும். காற்று உள்ளே இறங்கிக் கல்லாக மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சோதிக்க பள்ளிக்கூட லேபில் பார்த்த பினாப்தலின் போதும். ஓரத்தில் கொஞ்சம் பெயர்த்து ஒரு சொட்டு விட்டால், இறுகிய பகுதி நிறம் மாறாது, உள்ளே இறுகாத பகுதி ரோஜா நிறமாகும். கொத்தனார்கள் சீக்கிரம் இறுகட்டும் என்று ஒரு கை சிமெண்ட் தூவப் பார்ப்பார்கள். விடாதீர்கள். கொஞ்சம் சிமெண்ட் கலந்த சுண்ணாம்பு இரண்டு குணமும் கெட்டு நிற்கும்.

ஆரம்பத்தில் ராயபுரத்தில் ஒரு வீட்டில் நான் செய்த தவறைச் சொல்கிறேன். சித்திரை வெயில். வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்தில் சுவரை முதல் நாளே நனைக்காமல் காலையில் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பூச விட்டேன். பத்து நாளில் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம். ஒரு மூலையில் கரண்டியைக் கொடுத்து நெம்பியதும் மூன்றடிக்கு அப்படியே சரிந்து விழுந்தது. என் கொத்தனார் ஒன்றும் கோபப்படவில்லை. "செங்கல்லு தாகமா இருந்துச்சு சார், பூச்சுல இருந்த தண்ணியெல்லாம் குடிச்சிடுச்சு" என்றார். அந்த அறை முழுவதையும் என் செலவில் திரும்பப் பூசிக் கொடுத்தேன். அன்றிலிருந்து முதல் நாள் மாலையும் பூசும் காலையும் செங்கல் போதும் போதும் என்கிறவரை நனைக்கிறோம். பூசிய பிறகு ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டு, மெல்லக் காய விடுகிறோம். முழுக்கக் காய்ந்தாலும் இறுகாது, சொட்டச் சொட்ட நனைந்திருந்தாலும் இறுகாது. தை, மாசிதான் இதற்கு நல்ல மாதங்கள்.

மேலே எமல்ஷன், பட்டி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் தோல் போர்த்தினால் கீழே செய்த வேலை முழுதும் வீண். பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை மூன்று நான்கு தடவை மெல்லிசாக அடியுங்கள். கையில் ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் வஜ்ஜிரப் பசை கரைத்து விடுவது பழைய வழக்கம். கலர் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் மண் போன்ற காரத்தில் வெளுக்காத மண் நிறங்கள். முதல் கோட்டு அடித்தவுடன் ஒன்றுமே தெரியாது, ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். காயக் காய வெளுக்கும்.

எல்லா இடத்திலும் சுண்ணாம்பு என்று அடம்பிடிக்கவும் வேண்டாம். பாத்ரூமில் தண்ணீர் அடிக்கும் பகுதி, சமையலறைத் தொட்டிக்குப் பின்புறம், மேலே பிற்பாடு கட்டிய கான்கிரீட் அறை, இங்கெல்லாம் சிமெண்டே இருக்கட்டும். செலவைப் பொறுத்தவரை, என் அனுபவத்தில் சிமெண்ட் பூச்சைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆகும். பெரும்பகுதி கூலி. ஒரு வாரத்து வேலை இரண்டு மாதம் இழுக்கும். இந்த வேலை தெரிந்த கைகள் குறைந்துவிட்டன என்பதுதான் எனக்கு உள்ள பெரிய வருத்தம். என்னோடு இருந்த அந்தக் கொத்தனாரின் இரண்டு மகன்களும் டைல்ஸ் ஒட்டப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அதில்தான் தினமும் வேலை இருக்கிறது.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் காண்ட்ராக்டரை நிறுத்தி வையுங்கள். குழாயையும் தெருப்பக்கத்துத் தண்ணீரையும் பாருங்கள். பையன் படுக்கையை ஓதம் இல்லாத மேல் அறைக்கு மாற்றுங்கள், அதற்குப் பைசா செலவில்லை. பொரிந்த சிமெண்டைத் தரையிலிருந்து ஓதம் நிற்கும் உயரத்துக்கு மேல் ஒன்றரை அடி வரை பெயர்த்து, செங்கல்லை வெறுமனே காய விடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஒரு கோடை முழுக்கப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஈரம் எட்டும் உயரத்தில் ஒரு பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மாதத்துக்கு ஒரு கோடு. கோடு இறங்கிக்கொண்டே வந்தால் தை மாதம் ஒரே ஒரு சுவரில் பூச்சை ஆரம்பிக்கலாம். இறங்கவில்லை என்றால் தண்ணீர் இன்னும் எங்கிருந்தோ வருகிறது, பூசக் கூடாது. கோடுகளோடு சுவரைப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.